ரொறன்ரோவில் அமெரிக்க ஜனநாயகம் படித்த கதை

1988 நவம்பர் 6, ஞாயிறு. லண்டனிலிருந்து வந்த விமானம் ரொறன்ரோவில் இறங்கியபோது பிற்பகல் மூன்று மணி. குடிவரவு அதிகாரி கடவுச்சீட்டைப் புரட்டி, எத்தனை நாள் தங்குவீர்கள் என்று மட்டும் கேட்டார். இரண்டு கிழமை என்றேன். முத்திரை குத்தி அனுப்பிவிட்டார். நாலு வருஷத்துக்கு முன் இதே விமான நிலையத்தில் என் சின்னம்மாவின் மகள் பவானியும் அவளுடைய கணவன் சிவமும் ஒரு பகல் முழுவதும் உட்கார்ந்திருந்து, மொழிபெயர்ப்பாளர் வரும்வரை காத்து, தாங்கள் ஏன் அகதிகளாக வந்தோம் என்று சொன்னவர்கள். இப்போது அவர்களுக்கு நிரந்தர வதிவிட உரிமை கிடைத்துவிட்டது. அவர்களைப் பார்க்கத்தான் நான் போயிருந்தேன்.

சிவம் பழைய கார் ஒன்றில் வந்திருந்தான். வீடு நகரின் கிழக்கு ஓரத்தில், மல்வேர்னில். விமான நிலையத்திலிருந்து ஏறத்தாழ நாற்பது கிலோமீற்றர். பெருந்தெருவை விட்டு இறங்கியதும் வீட்டு முற்றங்களில் சிவப்பு, நீலம், செம்மஞ்சள் நிறங்களில் தேர்தல் பலகைகள். கனடாவில் இன்னும் இரண்டு கிழமையில் தேர்தல். தெற்கே அமெரிக்காவில் நாளை மறுநாள்.

"உங்களுக்கு வாக்கு இருக்கோ?" என்று கேட்டேன்.

"இல்லை அண்ணை. குடியுரிமை எடுக்க வேணும். இப்ப வேடிக்கை மட்டும் பாக்கிறம்" என்றான் சிவம். "ஆனா உங்கட தங்கச்சி வேடிக்கை பாக்கிற ஆளில்லை. அமெரிக்க அரசாங்கம் எண்டு ஒரு வகுப்புக்குப் போறா."

கனடாவில் இருந்துகொண்டு அமெரிக்க அரசாங்கம் எதற்கு? வீட்டில் கோப்பி தந்தபடி பவானி காரணம் சொன்னாள். கொழும்பில் அவள் பட்டப்படிப்பைப் பாதியில் விட்டவள். இங்கே மாலை நேரக் கல்லூரியில் மீண்டும் தொடங்கியிருக்கிறாள். பகலில் மருந்துப் போத்தல் பொதி செய்யும் தொழிற்சாலை. "வியாழக்கிழமைதான் எனக்கு நேரத்தோட வேலை முடியும். வியாழக்கிழமை இருந்தது உந்த ஒரு வகுப்புத்தான். சமையல் வகுப்பு எண்டாலும் போயிருப்பன்."

நவம்பர் 9, புதன். காலை உணவின்போது தொலைக்காட்சியில் அமெரிக்கத் தேர்தல் முடிவு. தோற்ற வேட்பாளர் மேடையில் நின்று, வென்றவரைத் தொலைபேசியில் வாழ்த்தியதாகச் சொன்னார். சிவம் கையில் பாண் துண்டுடன் நின்றபடியே பார்த்தான். "தோத்தவர் எப்பிடி நிக்கிறார் பாருங்கோ. பின்னால பெஞ்சாதி பிள்ளையள். ஆருக்கும் ஒண்டும் நடக்கேல்லை."

பவானி தேநீரைக் கலக்கிக்கொண்டிருந்தாள். எண்பத்து மூன்றாம் ஆண்டு ஆடி மாதம் கொழும்பில் அவர்கள் குடியிருந்த ஒழுங்கைக்குள் வந்த சிங்களக் கலவரக் கூட்டத்தின் கையில் வாக்காளர் பெயர்ப் பதிவேடான இடாப்பு இருந்தது. எந்த வீட்டில் தமிழர் என்று அதைப் பார்த்துத்தான் கதவைத் தட்டினார்கள். வாக்குப் போடுவதற்காகப் பதிந்த பெயர்தான் அவர்களைக் காட்டிக்கொடுத்தது. வீடு எரிந்தது. அவர்கள் பின்மதிலால் ஏறிக் குதித்தார்கள். சிவத்தின் தம்பி குதிக்கவில்லை.

நவம்பர் 10, வியாழன். ஆசிரியரின் அனுமதி பெற்று நானும் வகுப்புக்குப் போனேன். மல்வேர்னிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம். கட்டணம் ஒரு டொலருக்குச் சற்று மேல். வேலை முடித்து வருபவர்களும் வேலைக்குப் போகிறவர்களும் ஒரே பஸ்ஸில் ஒருவர் தோளில் ஒருவர் தூங்கினார்கள்.

ஆசிரியர் வால்டர் ஓர் அமெரிக்கர். இளவயதில் தன் நாடு வியட்நாமுக்குப் போகச் சொன்னபோது மறுத்து, எல்லை கடந்து இங்கே வந்துவிட்டவர். தான் விட்டு வந்த நாட்டைப் பற்றிக் கோபமில்லாமல், சொந்த வீட்டுக் குறைகளைச் சொல்பவர்போலப் பேசினார். அங்கே பேசியதெல்லாம் ஆங்கிலம். நான் தமிழில் தருகிறேன்.

"எங்கள் நாட்டை அமைத்தவர்கள் அரசனுக்குப் பயந்தார்கள். அதே அளவுக்குக் கூட்டத்துக்கும் பயந்தார்கள். அதனால்தான் ஜனாதிபதியை நாடாளுமன்றமும், நாடாளுமன்றத்தை நீதிமன்றமும் மறிக்கும்படி எழுதிவைத்தார்கள். வேகமாக ஓடக்கூடாது என்று செய்த வண்டி அது."

பிறகு, அந்த வண்டியை உண்மையில் யார் ஓட்டுகிறார்கள் என்பதற்கு அறிஞர்கள் சொல்லும் மூன்று விடைகளை விளக்கினார். முதல் விடை, பெரும்பான்மை மக்கள்: கைகளை எண்ணு, அதிகம் பேர் கேட்டது நடக்கட்டும். இரண்டாவது விடை, குழுக்கள்: தொழிற்சங்கம், விவசாயிகள், வியாபாரிகள், தேவாலயங்கள் என்று ஆளுக்கொரு பக்கம் இழுத்து, எவருக்கும் முழு வெற்றியில்லாமல் பேரம் பேசி முடிப்பது. மூன்றாவது விடை, பணமும் பதவியும் உள்ள சிலர்: வாக்கு யாருக்குப் போனாலும் தீர்மானிப்பது அவர்களே. அடுத்த வியாழன் விவாதம், மூன்று அணிகள். யார் எந்த அணி என்று சீட்டுக் குலுக்கினார்.

பவானிக்கு விழுந்தது பெரும்பான்மை ஆட்சி.

அவள் அந்தச் சீட்டை மேசையில் கவிழ்த்து வைத்தாள்.

அன்று சாப்பாட்டு மேசையில் சிவம் கொதித்தான். "வேறை அணி கேளும். அந்த மனுசனுக்குச் சொல்லும், எங்களுக்கு நடந்தது என்னெண்டு. பெரும்பான்மை நல்லதெண்டு நீர் எழும்பி நிண்டு கதைக்கப் போறீரோ? என்ர தம்பிக்கு என்ன பதில்?"

"நான் இன்னும் ஒண்டும் சொல்லேல்லை" என்றாள் பவானி.

மறுநாள் அவள் ஆசிரியருக்குத் தொலைபேசி எடுத்து விஷயத்தைச் சொன்னாள். அவர் மன்னிப்புக் கேட்டாராம். விரும்பினால் அணி மாறலாம், விலகவும் செய்யலாம், புள்ளி குறையாது என்றாராம்.

நவம்பர் 13, ஞாயிறு. ஈரப் பனி தூறியது. சிவம் உணவகத்தில் வேலைக்குப் போய்விட்டான். கறிக்கு லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்த பவானி கத்தியை வைத்துவிட்டு, "அண்ணை, நான் மாறேல்லை" என்றாள்.

"ஏன்?"

"ரெண்டு நாளா யோசிச்சன். அவையள் எங்களுக்குச் செய்ததுக்குப் பெரும்பான்மை எண்டு பேர் வைச்சவை. அது அவையள் வைச்ச பேர். நான் ஏன் அதை அப்பிடியே எடுக்கோணும்?"

நான் மறுக்கவில்லை. சிவத்திடம் அதை அவளே சொன்னாள். அவன் அதன்பின் மூன்று நாள் அவளோடு சரியாகக் கதைக்கவில்லை. ஆனால் வியாழக்கிழமை புறப்படும்போது, "கையுறையைப் போட்டுக்கொண்டு போம், குளிருது" என்று எடுத்துக் கொடுத்தான்.

நவம்பர் 17, வியாழன். வகுப்பறையில் நாற்காலிகளை மூன்று பக்கமாகப் போட்டிருந்தார்கள். முதலில் எழுந்தவள் பவானி. அவளுடைய ஆங்கிலம் மெதுவானது. சொல்லைத் தேடி எடுத்து வைப்பாள்.

"நான் பிறந்த நாட்டில் தேர்தல் நடக்கும். எண்ணுவார்கள். ஒவ்வொரு முறையும் நாங்கள் தோற்போம். என்ன பேசினாலும் தோற்போம். ஏனென்றால் அங்கே எண்ணுவது கருத்தை இல்லை, பிறப்பை. அதற்குத் தேர்தல் என்று பெயர் சொல்லக்கூடாது. அது குடிசன மதிப்பு, ஆட்தொகைக் கணக்கெடுப்பு. உண்மையான பெரும்பான்மை என்பது மாறுவது. இன்று நான் தோற்றால், நாளை உங்களில் சிலரைப் பேசி என் பக்கம் எடுக்க முடியவேண்டும். அது முடியுமென்றால் எண்ணிப் பார்ப்பதைவிட நியாயமான வழி எனக்குத் தெரியாது. நான் பேசவந்தது அந்தப் பெரும்பான்மைக்காக."

அவளுடைய அணியினர் மேசையில் தட்டினார்கள்.

அடுத்து குழுக்களின் அணியிலிருந்து மார்சியா எழுந்தாள். ஜமேக்காவிலிருந்து வந்தவள், முதியோர் இல்லத்தில் வேலை. "என் பெரியம்மா அமெரிக்காவின் தென் பகுதியில் வாழ்ந்தவர். கறுப்பர் என்பதால் வாக்குச் சாவடிக்குள்ளேயே விடவில்லை. பவானி சொன்னதுபோல அவரும் பிறந்த அன்றே தோற்றவர். எண்ணி முடிக்கும்வரை காத்திருந்திருந்தால் இன்னும் தோற்றுக்கொண்டிருப்பார். தேவாலயத்தில் கூடினார்கள், பஸ்ஸில் ஏற மறுத்தார்கள், வழக்குப் போட்டார்கள், ஊர்வலம் போனார்கள். சிறு கூட்டம் பெரிய கூட்டத்தைப் பேரத்துக்கு இழுத்தது. பவானி, உன் பெரும்பான்மை தானாக மாறாது. யாராவது அதை மாற்றவேண்டும்."

பவானி அந்தக் கடைசி வரியைத் தன் குறிப்புத் தாளில் எழுதிக்கொண்டாள். மூன்றாவது அணிக்காகப் பேசிய வங்கி ஊழியர், வேட்பாளர்களுக்கு யார் காசு கொடுக்கிறார்கள் என்று வேடிக்கையாகச் சொன்னதில் அறை சிரித்தது.

கடைசியில் வாக்கெடுப்பு. வால்டர் அணி பார்க்காமல், கேட்டதை வைத்துக் கை தூக்கச் சொன்னார். மார்சியாவின் பக்கம் தெளிவாக வென்றது. அந்தப் பக்கத்துக்காக உயர்ந்த கைகளில் ஒன்று பவானியுடையது. பக்கத்தில் இருந்த அவளுடைய அணிக்காரர் அதைப் பார்த்து, "நீ எங்கள் ஆள் இல்லையா?" என்று உரக்கக் கேட்டார். வால்டர் கைகளை எண்ணிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

பஸ்ஸில் நான் கேட்டேன். "என்னடி, உன்ர அணியை நீயே தோக்கடிச்சுப்போட்டாய்?"

"கதைச்சது அணிக்காக அண்ணை. கை என்ர கை." ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி தொடர்ந்து சொன்னாள்: "அவள் சொன்னது சரி. நான் கேட்டன், மாறினன். மாறலாம் எண்டுதானே நானும் சொன்னனான்."

வீட்டில் சிவம் கதவைத் திறந்துவிட்டு, முகத்தைப் பார்க்காமலே, "வெண்டீரோ?" என்றான்.

"தோத்துப்போனன்" என்றாள் பவானி. சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே சிரித்தாள். பிறகு மேசையில் உட்கார்ந்து, தான் பேசியதை ஒரு வரி விடாமல் அவனுக்குத் தமிழில் சொன்னாள். குடிசன மதிப்பு என்ற இடத்தில் அவன் கையைக் காட்டி நிறுத்தினான். "அதை இன்னொருக்காச் சொல்லும்" என்றான். சொன்னாள். அவன் எழுந்து போய் அவளுக்குச் சோறு போட்டுக்கொண்டு வந்தான்.

நவம்பர் 19, சனி. திங்கட்கிழமை கனடாத் தேர்தல்; அதுவரை நான் தங்கவில்லை. விமான நிலையத்தில் விடைபெறும்போது, அடுத்த வகுப்பில் என்ன என்று பவானியிடம் கேட்டேன்.

"நீதிமன்றத்துக்கு எவ்வளவு அதிகாரம் குடுக்கலாம் எண்டு விவாதம். வியாழன் நீங்கள் வெளியால போன பிறகு புதுசாச் சீட்டுக் குலுக்கினவை. இந்த முறை மார்சியாவும் நானும் ஒரு பக்கம்."

விமானம் எழும்பியபோது கீழே ஏரி சாம்பல் நிறத்தில் கிடந்தது. அமெரிக்கா அதன் மறுகரையில். அந்த நாட்டை நான் பார்க்கவில்லை. பார்த்ததெல்லாம் மல்வேர்னிலிருந்து அரை மணி பஸ் தூரத்தில் ஓர் அறை. ஒரு கிழமை எதிர்த்துப் பேசியவர்கள் அடுத்த கிழமை ஒரே பக்கத்து நாற்காலியில் உட்காருகிறார்கள். நான் பிறந்த நாட்டில், எனக்கு நினைவு தெரிந்த நாள் முதல், ஒருமுறைகூட யாரும் நாற்காலி மாறி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.