அன்ரன் அடித்த மூலை

1. மழைக்குப் பிறகு வந்த தொலைபேசி

மூன்று நாள் விடாமல் பெய்த மழைக்குப் பிறகு எங்கள் முதலாளி, நாங்கள் ஷெஃப் என்று கூப்பிடுகிறவர், வேர்க்‌ஷொப்புக்குள் வந்தார்.

"அந்த மேட்டு வீட்டிலை புகைபோக்கியடி ஒழுகுதாம். வீட்டுக்கார அம்மா போனிலை கத்துறா. முன்மூலை ரெண்டும் அன்ரன் அடிச்சதுதானே?"

அன்ரனின் முகம் கறுத்தது. எனக்கு உள்ளே பாயாசம் குடித்தது மாதிரி இருந்தது. இதை மறைத்து எழுதினால் பிறகு சொல்லப்போவது ஒன்றும் விளங்காது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. சுவிஸில் ஓல்டன் நகருக்குப் பக்கத்துக் கிராமமொன்றில் ஒரு ஷ்பெங்லரிடம் வேலை. கூரையில் தகரம், செம்பு, காரீயம் எல்லாம் அடிக்கிறவனுக்கு இங்கே அதுதான் பெயர். காரீயத்தை நாங்கள் பிளை என்போம். ஓட்டுக்கூரையைத் துளைத்துக்கொண்டு புகைபோக்கி வெளியே வருகிற இடத்தில் சுற்றிவரப் பிளைத் தகடு அடிக்கவேண்டும். முன்பக்கத்தில் அது ஓடுகளின் வளைவுக்கேற்பப் படுத்திருக்கவேண்டும். பின்பக்கத்தில் மேலிருந்து வருகிற தண்ணீரை இரண்டு பக்கமும் பிரித்துவிடவேண்டும். எங்கள் ஷெஃப்புக்கு ஒரு சொல் உண்டு: "தண்ணிக்குத் தலை சின்னன்." எங்கே ஊசி போகுமோ அங்கே அது தலையை விட்டுவிடும் என்று அர்த்தம். நல்ல சொல் எந்தப் பாஷையில் கிடைத்தாலும் நான் பொறுக்கி வைத்துக்கொள்வேன்.

இந்த வேலையில் கடினம் மூலை. வெட்டி ஒட்டினால் லேசு. வெட்டாமல், மரச்சுத்தியலால் மெல்ல மெல்லத் தட்டி, ஒரே தகட்டை மூலையைச் சுற்றி மடிய வைப்பதுதான் வேலை. அன்ரன் தட்டினால் பிளை ரொட்டிமா மாதிரி அவன் சொன்ன பக்கம் போகும். நான் தட்டினால் மூலையில் மெலிந்து கிழியும். அந்த வேலைத்தலத்தில் நான் அவனுக்கு இரண்டு வருடம் மூப்பு. மன்னாரிலிருந்து வந்து நின்ற அவனுக்குச் சுத்தியல் பிடிக்கக் காட்டிக் கொடுத்ததே நான். ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம். நானும் சுத்தியல் சரியில்லை, தகடு சரியில்லை என்று சொல்லிப் பார்த்தேன். ஷெஃப் ஒருநாள் இருவரையும் ஒரே தகட்டில் அடிக்கவிட்டார். அதோடு என் வாய் அடங்கியது.

பொறாமைக்கு வேறு காரணமும் இருந்தது. பனி விழுந்தால் கூரை வேலை நிற்கும். இலையுதிர்காலம் தொடங்கும்போதே ஷெஃப் சொல்லியிருந்தார்: "குளிருக்கு ஒராளைத்தான் உள்ளுக்கை வைச்சிருக்கேலும். பிளை ஆருக்குச் சரியா வருதோ அவர் நிக்கட்டும். மற்றவர் பங்குனியிலை வாங்கோ." மற்றவர் யாரென்று எல்லாருக்கும் தெரியும். அதனால்தான் அந்தத் தொலைபேசி எனக்குப் பாயாசம்.

2. குழாய்

மேட்டு வீட்டுப் புகைபோக்கியில் முன்தகடும் இரண்டு மூலையும் அன்ரனுடையவை. பின்தகடு என்னுடையது. அன்ரன் குழாயோடு கூரைக்கு ஏறினான். நான் ரோர்ச் லைற்றோடு கூரைக்குக் கீழே இருக்கும் தட்டுக்குப் போனேன். ஷெஃப் ஏணியில் நின்றார். வீட்டுக்கார அம்மா, ஓய்வுபெற்ற ஆசிரியை, என் பின்னாலேயே படியேறி வந்து வாசலில் நின்றுகொண்டார்.

"உங்கள் ரெண்டுபேரிலை ஆர் பிழை விட்டது?" என்று கேட்டார்.

"அதைத்தான் பாக்க வந்தனாங்கள்."

"போன மாசம்தான் வீட்டைச் சூடாக்கிற புது ஹைற்சுங் பூட்டினனான். அது முடிய இது. ஒரு வீட்டுக்கு எத்தினை வருத்தம்?"

மேலே தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. சத்தம் என் பின்தகட்டுக்கு நேரே. அன்ரன் நேராக அங்கேதான் பிடித்திருக்கிறான். நான் என்ன செய்தேன்? என் தகட்டின் பக்கம் திரும்பவேயில்லை. நேராக அவனுடைய மூலைக்குக் கீழே போய் ரோர்ச்சை அடித்தேன். தன் மூக்குப் போனாலும் எதிரிக்குச் சகுனப்பிழை என்பார்களே, அது மேலே ஒன்று, கீழே ஒன்று.

ஏணியிலிருந்து ஷெஃப்பின் குரல் வந்தது. "அன்ரன், உனக்கு விசரோ? மேலை பிடிச்சா முழுக்க நனையும், ஒண்டும் தெரியாது. கீழை இருந்து பிடி. முதல் முன்தகடு, பிறகு மூலை, பிறகு பக்கம், கடைசியாப் பின்பக்கம்."

தண்ணீரை நிறுத்தி, கூரையில் நின்றது வடியும்வரை காத்திருந்து, கீழிருந்து தொடங்கினோம். முன்தகடு காய்ந்திருந்தது. மூலைக்குப் போனபோது என் ரோர்ச் வெளிச்சத்தில், அன்ரனின் இடது மூலைக்கு நேர் கீழே, செங்கலில் கபில நிறக் கறை. விரல் வைத்தேன். ஈரம்.

"சிவம், எங்கை வருது?" என்று ஷெஃப் கேட்டார்.

"அன்ரன்ரை மூலை" என்று சொன்னால் போதும். பொய்யுமில்லை. ஈரம் இருக்கிறது, மூலைக்குக் கீழே இருக்கிறது. வாசலில் நின்ற அம்மாவும் பார்த்துத் தலையாட்டினார். தகட்டைப் பிடுங்குவார்கள். குளிருக்கு நான் நிற்பேன்.

வாயைத் திறக்க முன், குற்றத்தை இன்னும் வடிவாகப் பார்க்கும் ஆசையில் ரோர்ச்சை மேலே தூக்கினேன். தகட்டுக்கும் கறைக்கும் நடுவில் ஒரு முழச் செங்கல் காய்ந்து வெள்ளையாய் நின்றது. மேலேயிருந்து வந்த தண்ணீர் அந்த ஒரு முழத்தைத் தாண்டிக் குதிக்காது. விரலை மணந்து பார்த்தேன். வினாகிரியும் கரியும் கலந்த புளிப்பு. மழைத்தண்ணிக்கு அந்த மணம் இல்லை. புகைபோக்கியைச் சுற்றிப் போனேன். யாருடைய மூலையும் இல்லாத பக்கத்திலும் அதே கறை.

"சிவம், நித்திரையோ?"

"பிளை காஞ்சிருக்கு, ஷெஃப். ரெண்டுபேற்றையும். இது வெளியாலை வந்த தண்ணியில்லை. வந்து மணந்து பாருங்கோ."

ஷெஃப் வந்து மணந்தார். புகைபோக்கி துடைக்கிறவரைக் கூப்பிட்டார். அவர் அடுத்தநாள் வந்து சொன்னார்: புது ஹைற்சுங்கின் புகை சூடு குறைவு, பழைய அகலப் புகைபோக்கிக்குள் அது குளிர்ந்து தண்ணீராகி, கரியோடு சேர்ந்து செங்கலால் கசிகிறது, உள்ளே ஒரு குழாய் இறக்கவேண்டும். அம்மா எங்களுக்குக் கோப்பி ஊற்றித் தந்தார். மன்னிப்புக் கேட்கவில்லை, கேக் தந்தார்.

3. ஓல்டன் ஸ்ரேஷன்

முதல் பனி விழுந்த கிழமை ஷெஃப் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "நீ பாத்தது சரியான பார்வை. ஆனா எனக்கு மூலை அடிக்கிற கை வேணும். பங்குனியிலை வா." கோபிக்க வழியில்லை. கை கைதான்.

ஒரு சொந்தக்காரர் மூலம் இன்டர்லாக்கன் ஹோட்டலொன்றின் குசினியில் குளிருக்கு வேலை கிடைத்தது. ஓல்டன் ஸ்ரேஷனுக்கு அன்ரன் வந்து என் பையைத் தூக்கினான்.

"அண்ணை, அண்டைக்குத் தண்ணியை முதல் உங்கடை தகட்டிலை பிடிச்சது தெரியுமோ?"

"ஓம், கேட்டது. கூரை உடைஞ்சு விழும் எண்டு நினைச்சன்."

"நீங்கள் எங்கை நிண்டனீங்கள்?"

"உன்ரை மூலைக்குக் கீழை. வேறை எங்கை நிப்பன்?"

இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு அவன் சிரிப்பை விட்டுவிட்டு என்னைப் பார்த்தான்.

"நானெண்டா சொல்லியிருக்கமாட்டன், அண்ணை. அந்தத் தட்டிலை நான் நிண்டிருந்தா, உங்கடை தகடு எண்டு சொல்லிப்போட்டு இறங்கியிருப்பன். அதை நினைக்க எனக்கு உங்களிலை எரிச்சலாக் கிடக்கு."

ரயில் வந்தது. பையை வாங்கிக்கொண்டு ஏறினேன்.

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். பக்கத்தில் நிற்பவனின் கையைப் பார்த்து எரிச்சல் வரும். வரட்டும். அது ரோர்ச்சை இன்னும் கொஞ்சம் மேலே தூக்கிப் பார்க்க வைக்கும். பார்த்ததைப் பார்த்தபடி சொல்லுங்கள். அதனால் வேலை நிலைக்கும் என்று நான் உறுதி சொல்லமாட்டேன், எனக்கு நிலைக்கவில்லை. ஆனால் அன்ரன் என்னைப் பார்த்து எரிகிறான் என்ற ஒன்று கிடைத்தது. அந்தக் குளிர் முழுவதும் அண்டா தேய்க்க எனக்கு அது போதுமாயிருந்தது.