கிராணியார் தேனிலவுக்குக் கொன்ற சித்தப்பா

ரப்பர் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை எதைச் செய்தாலும், அவர் ஆபீஸில் கணக்கெழுதும் ஜெயமணி கிராணியாரும் அதைச் செய்தாக வேண்டும். துரை பைப் பிடிக்கிறார் என்று இவரும் ஒரு பைப் வாங்கினார். புகையிலை கட்டுப்படியாகாமல், வெறும் பைப்பைப் பல்லில் கடித்துக்கொண்டு செலண்டார் பாசாருக்குச் சாமான் வாங்கப் போய்வந்தார். துரை புது மனைவியோடு பினாங்குத் தீவுக்கு ஹனிமூன் போய்வந்து, கடற்கரையில் எடுத்த படத்தை ஆபீஸ் சுவரில் மாட்டிய அன்றைக்கே, தமக்கும் பினாங்குதான் என்று கிராணியார் முடிவுகட்டிவிட்டார். பெண் பார்ப்பது மட்டும்தான் பாக்கி.

பெண்ணும் கிடைத்தாள். தஞ்சோங் கிளிங் ஊர் சுசீலா. அவள் அப்பா வீட்டுப் பின்கதவைத் திறந்தால் கடல். அலைச் சத்தத்திலேயே வளர்ந்தவளை முந்நூறு மைல் ரயிலில் இழுத்துக்கொண்டு போய்க் கடல் காட்டத் திட்டம் போட்டவர், மலாக்கா மாநிலத்திலேயே நம் கிராணியார் ஒருவராகத்தான் இருப்பார்.

"எங்க வீட்டுக்கே போயி நாலு நாள் இருந்துட்டு வரலாமேங்க," என்றாள் சுசீலா.

"ஹனிமூன்னா தீவுலதான்லா. மாமனார் வீட்டுக்குப் போனா அதுக்குப் பேரு மறுவீடு."

அவளுக்கும் ஆசை இல்லாமல் இல்லை. ஐம்பத்திரண்டாம் வருஷம் அது. காட்டுக்குள் இருக்கிற கம்யூனிஸ்டுகளுக்குப் பயந்து தோட்டத்தைச் சுற்றி முள்கம்பி போட்டிருந்தார்கள். மாலை ஆறு மணிக்கு மேல் வெளியே தலைகாட்டக் கூடாது. கல்யாணமாகி வந்த மூன்று வாரத்திலேயே அவளுக்கு மூச்சு முட்டியது. தீவோ திடலோ, கம்பிக்கு அந்தப் பக்கம் என்றால் போதும் என்றிருந்தது.

கிராணியார் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டார். தம்பினிலிருந்து ரயில் புறப்படும் நேரம், ஃபெர்ரி நேரம், கடலில் குளிக்க அரைக்கால் சட்டை ஒன்று என்று பக்கம் பக்கமாக எழுதினார். புளிச்சோறு கட்டிக்கொள்ளட்டுமா என்று கேட்டவளைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். சோற்றுப் பொட்டலத்தோடு கேட்டைத் தாண்டினால், காட்டுக்காரனுக்குக் கொண்டுபோகிறாய் என்று பிடித்து உள்ளே போட்டுவிடுவார்கள். எல்லாம் தயார், பாஸ் ஒன்றைத் தவிர.

அந்தப் பாஸ் கதையைச் சொல்லியாக வேண்டும். தோட்டத்தை விட்டுப் போய் வெளியே தங்குவதென்றால் துரையின் கையெழுத்து வேண்டும். யாருக்குக் கொடுப்பது, யாருக்கு மறுப்பது என்று துரை குழம்பியபோது, கேட்காமலே ஐந்து காரணங்களை டைப் அடித்து நீட்டியவர் நம் ஆள்தான். சாவு, கல்யாணம், பிரசவம், ஆஸ்பத்திரி, கோர்ட்டு. இவை தவிர வேறு எதற்கும் பாஸ் இல்லை. துரை முதுகில் தட்டிக்கொடுத்து, பாஸ் கேட்டு வருகிறவர்களைப் பார்க்கும் வேலையையும் அவரிடமே கொடுத்தார். அதற்கப்புறம் பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுக்கும் இருளாண்டி, புதுப் பெண்டாட்டிக்கு மலாக்கா டவுனைச் சுற்றிக்காட்ட ரெண்டு நாள் பாஸ் கேட்டு வந்து நின்றான். "காத்து வாங்கவெல்லாம் பாஸ் கெடையாது, போடா," என்று விரட்டிவிட்டு, அதையே சொல்லிச் சொல்லி ஒரு வாரம் சிரித்தார்.

இப்போது அவருக்கே காற்று வாங்க வேண்டியிருந்தது. கல்யாணம் முடிந்துவிட்டது. மூன்று வாரத்தில் பிரசவம் என்றால் துரையே சிரிப்பார். உண்மையைச் சொல்லிக் கேட்டிருக்கலாம், கொடுத்துமிருப்பார். ஆனால் துரைக்கு முன்னால் 'யெஸ் சார்' தவிர வேறு வார்த்தை இவர் வாயில் வராது. ஆகவே பினாங்கில் ஒரு சித்தப்பாவை உண்டாக்கி, உண்டான நாளிலேயே சாகடித்தார். துரை முகம் வாடி, மனைவியையும் அழைத்துப் போகச் சொல்லி, இரண்டு பேருக்கும் நாலு நாள் பாஸ் எழுதினார். கணக்குச் சொல்ல வந்த கங்காணி வடிவேலு பக்கத்திலேயே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அவரைக் கிராணியார் ஒரு ஆளாகவே நினைக்கவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் நாலரைக்கு, பாஸ் கிடைத்த கதையைக் கிராணியார் சொல்லக் கேட்டுவிட்டுச் சுசீலா பட்டுப்புடவையை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தபோது வாசலில் ஒப்பாரி கேட்டது. எட்டிப் பார்த்தாள். லயத்து வீடுகளிலிருந்து தொழிலாளிப் பெண்கள் இருபது பேர், தலைவிரி கோலமாக, கங்காணி மனைவி பெரியநாயகி தலைமையில். ஆறு மணிக்குள் அழுது முடித்து வீடு திரும்பியாக வேண்டும் என்பதால் வந்ததுமே உச்சத்தில் ஆரம்பித்திருந்தார்கள். கிராணியார் நடுவில் நின்று கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். கண்ணீர்கூட நிஜமாகவே வந்திருந்தது.

பெரியநாயகி ஓடிவந்து சுசீலாவைக் கட்டிக்கொண்டாள். "ஒன்னைச் சொல்லி என்னம்மா செய்ய? நீ வந்து மாசம் ஒன்னு ஆகல, அதுக்குள்ள அந்த வீட்டுல ஒரு உசுரு போயிருச்சு. ஒன் கால்ராசி அப்படி. நீ வேணும்னா செஞ்ச?"

பின்னால் நின்ற பெண்கள் சுசீலாவின் காலைப் பார்த்தார்கள். இரக்கத்தோடுதான் பார்த்தார்கள். இந்தப் பெயர் ஒட்டினால் ஒட்டியதுதான், எந்தச் சோப்புப் போட்டாலும் போகாது என்று அவளுக்குத் தெரியும். புருஷன் வாயைத் திறப்பார் என்று அவர் முகத்தையே பார்த்தாள்.

கிராணியார் அவள் பக்கம் நகர்ந்து வந்து கிசுகிசுத்தார். "கொஞ்சம் பொறுத்துக்கோ. காலையில பினாங்குக்குப் போயிட்டா எல்லாம் சரியாயிரும்."

"போயிட்டுத் திரும்பி இங்கதானங்க வரணும்?"

அவர் மறுபடி கைக்குட்டையை எடுத்தார். சுசீலா பெரியநாயகியின் கையை விலக்கிவிட்டு, கேட்டருகில் நின்ற போலீஸ்காரன் வரைக்கும் கேட்கிற குரலில் சொன்னாள்.

"அழுகைய நிறுத்துங்கக்கா. செத்தவரு இன்னும் பொறக்கவே இல்ல. இவருக்குச் சித்தப்பாவே கெடையாது. என்னை ஹனிமூன் கூட்டிப்போக பாஸ் வாங்கணும்னு துரைகிட்ட பொய் சொல்லியிருக்காரு."

ஒப்பாரி பாதி வரியில் நின்றது. விரித்த தலையை முடியலாமா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார்கள். முதலில் பெரியநாயகிதான் சிரித்தாள். அப்புறம் ஆறு மணிச் சங்கு ஊதும்வரை தோட்டமே சிரித்தது.

மறுநாள் துரை பாஸைக் கிழித்துப் போட்டார். பாஸ் கேட்டு வருகிறவர்களைப் பார்க்கும் வேலை, ஆபீஸில் இவருக்கு மேலே இருந்த பெரிய கிராணிக்குப் போனது. ஜெயமணி வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துப் படுத்தார். சோறு வேண்டாம் என்றார்.

"ரெண்டு நாள் வாயை மூடிட்டு இருந்திருக்கக் கூடாதா? என் மானமே கப்பலேறிருச்சு," என்றார் சுவரிடம்.

சுசீலா பட்டுப்புடவையைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடியில் போட்டாள். "உங்க மானம் அடுத்த மாசம் வேற எவனாச்சும் மாட்டினா திரும்பி வந்துரும். நான் வாயை மூடிட்டு இருந்திருந்தா, நாளைக்கு என் புள்ளைக்குக் காய்ச்சல் அடிச்சாலும் எல்லாரும் என் காலைத்தான் பாப்பாங்க. அப்ப நீங்களும் பாத்திருப்பீங்க."