சூத்திரம் எழுதிய கோன்

என் மேசையில் நூல் சுற்றும் அட்டைக் கோன் ஒன்று நிற்கிறது. உடம்பு முழுக்க நீல மையில் புள்ளியியல் சூத்திரங்கள். உச்சியில் சராசரி, அதற்குக் கீழே இடைநிலை, முகடு. அடியில் திட்ட விலக்கம். அதிலுள்ள வர்க்கமூலக் குறியின் வால் கோனைச் சுற்றி வந்து தன் தலையையே இடிக்கும். எழுதியவர், மில் பரிசோதனைக் கூடத்தில் என்னோடு வேலை பார்க்கும் அக்கா. என்னைவிடப் பத்து வயது மூத்தவர்.

நாங்கள் இருவரும் தபால் வழியில் பட்டப்படிப்பு படித்தோம். இருவரும் புள்ளியியலில் தேறவில்லை. எனக்கு அது வெறும் அரியர். அக்காவுக்கோ கடைசி வாய்ப்பு, தவறினால் பட்டமே போய்விடும். கூடத்தின் பொறுப்பாளர் ஓய்வு பெறவிருந்தார். பட்டம் கிடைத்தால் அந்த நாற்காலி அக்காவுக்கு என்று மேனேஜர் சொல்லியிருந்தார்.

போத்தனூர் பஸ்ஸிலும் டீ நேரத்திலும் கோனை உருட்டி உருட்டி ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வோம். எனக்குச் சூத்திரம் வாயில் நிற்கும், மண்டையில் ஏறாது. அக்காவுக்கு நேர்மாறு. “முகடுன்னா நம்ம கேண்டீன் உப்புமா கண்ணு. அதானே அடிக்கடி வருது,” என்பார். இடைநிலை என்றால், “மொதல்ல எல்லாரையும் உசரப்படி வரிசைல நிறுத்து. அப்பறமா நடுவுல நிக்கறவளக் கூப்புடு.” வரிசைப்படுத்தாமல் நடு எண்ணை எடுத்துத்தான் நான் முந்தைய தேர்வில் கோட்டை விட்டிருந்தேன். மரமண்டை என்று என்னை நானே திட்டிக்கொண்டேன்.

எங்கள் கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. நூலைச் சோதிக்கும்போது ஓர் எண் மட்டும் மற்றவற்றைவிட்டுத் தாவி நின்றால், சிவப்பு மையில் அடித்துவிட்டுப் புதிதாக நூலெடுத்துச் சோதிப்போம். தேர்வுக்கு முதல் நாள் அக்கா எச்சரித்தார்: “பரிச்சைல அப்படி அடிச்சுப்போடாத கண்ணு. அங்க மறுபடி சோதிக்க நூல் கெடையாது.”

மறுநாள் வினாத்தாளில் பத்து எண்கள் இருந்தன, ஒன்று தாவி நின்றது. என் பேனா அதன்மேல் போய்விட்டது. அக்கா சொன்னது நினைவுக்கு வந்து கையை இழுத்துக்கொண்டேன்.

வெளியே வந்த அக்கா வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். “உனக்குச் சொல்லிப்போட்டு நானே அடிச்சுப்போட்டேன் கண்ணு. இருவது வருசக் கை, கேக்க மாட்டீங்குது.” ஒன்பது எண்களுக்கே கணக்குப் போட்டிருந்தார். அதை ஒட்டி வந்த அடுத்த வினாவும் போயிற்று.

நான் தேறினேன், அவர் தேறவில்லை. நாற்காலி எனக்கு வந்தது. முதல் நாள் அதில் உட்காரவே கூசியது. அக்காதான் தோளைப் பிடித்து உட்காரவைத்து, மேசையில் கோனை வைத்தார். “இனி எனக்கெதுக்கு, நீயே வெச்சுக்க,” என்றார். மற்றவர்கள் எதிரில் என்னை மேடம் என்பார், தனியே இருந்தால் கண்ணு. எட்டு வருடங்களாக இப்படித்தான். ஒரு நாளும் அவர் முகம் கோணவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இன்று காலை மற்றவர்களும் கூடத்தில் இருக்கும்போது கதவருகே வந்து நின்றார்.

“மேடம், அந்தக் கோனக் கொஞ்சம் எடுங்க. மொதல்ல இருந்து படிக்கறக்கு மறுபடி சேந்துபோட்டேன்.”

எழுந்துபோய் அவரை உட்காரவைத்து, பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து, கோனை உருட்டினேன்.

“சராசரின்னா என்னங்கக்கா?”

“எல்லாத்தையும் சேத்திக்கோணும் கண்ணு,” என்றார். “தாவி நிக்கறதையுந்தான்.”