உம்மாவின் எழுத்துக்கு இரண்டு மில்லிமீற்றர்

2009 ஆகஸ்ட், நோன்புக்கு இரண்டு கிழமைக்கு முன் ஒரு வியாழன். கல்முனை நண்பன் நிஸாம், சுனாமியில் போன வீட்டுக்குப் பதிலாகப் புது வீடு கட்டி முடித்திருந்தான். ஞாயிறு புதுமனை புகும் குடிபூரல், வெள்ளி ஜும்ஆத் தொழுகையில் அழைப்பிதழ் கொடுத்தாக வேண்டும். அதில் அச்சடிக்க மரக்கட்டையில் படம் செதுக்கித் தரும்படி பலகையையும் தந்திருந்தான். அது ஒரு கதவுத் துண்டு; பழைய வீட்டில் மிஞ்சியது அது மட்டுந்தான். அங்குலத் தடிப்புப் பலகை, அச்செழுத்தும் அவ்வளவு உயரந்தானே என்று அளக்காமலே செதுக்கினேன். என் மேதாவித்தனம்!

மட்டக்களப்பில் காலை 7.10 பஸ், அறுபது ரூபா. நாற்பது கிலோமீற்றருக்குள் இரண்டு சோதனைச்சாவடிகளில் கட்டையைப் பிரித்துக் காட்டி, 9.05க்குக் கல்முனையில் இறங்கினேன். நிஸாம் அச்சகத்துக்குக் கூட்டிப்போனான்.

அச்சகக்காரர் ரஹீம் காக்கா கட்டையை ஈய அச்செழுத்துகளோடு வைத்து விரலால் தடவினார். "தம்பி, ரெண்டு மில்லி ஒசரம். ரெண்டும் ஒரே மட்டத்தில நிண்டாத்தான் சேத்து அடிக்கலாம். குறைஞ்சா அடியில காட்போட் மட்ட ஒட்டலாம். கூடினா சீவத்தான் வேணும்."

சீவுளியை எடுத்துக் கட்டையைக் கவிழ்த்தார். நிஸாம் அவர் கையைப் பிடித்துவிட்டான்.

"காக்கா, நில்லுங்க. அது உம்மாட எழுத்து."

கட்டையின் பின்பக்கத்தில் பெயின்ற் கறை என்று நான் நினைத்திருந்ததை வாசித்துக் காட்டினான்: 'கதவச் சாத்துங்க, ஆடு வரும்.' உம்மாவையும் கடல்தான் கொண்டுபோனது. அவர் கைபட்ட எழுத்து வேறெதுவும் இல்லை.

"இதச் சொல்லியிருக்கலாமே!" என்றேன்.

"சீவுவாங்க எண்டு எனக்கென்ன தெரியும் மச்சான்?"

காக்கா சீவுளியை வைத்தார். "அப்ப சீவப்படாது. எழுத்த ஒருக்கா, கட்டய ஒருக்கா அடிப்பம்."

மதிய லுஹர் தொழுகைக்கு முன் அட்டைகளில் எழுத்துகளை மட்டும் அடித்தார். தொழுதுவிட்டு வந்து, கட்டையின் உயரத்துக்கு ஏற்ப மிசினின் திருகாணிகளைத் தளர்த்தி, மை உருளைகளையும் உயர்த்தினார். அதே நூற்றைம்பது அட்டைகளையும் மறுபடி ஒவ்வொன்றாக வைத்து அடித்தார். 4.20க்கு முடிந்தது. நன்றி சொல்லத் திக்கினேன். "ஓம் ஓம், அடுத்தமுற அளந்துட்டு வாங்க" என்றார். அந்த மனிதரை நினைத்தால் இன்றும் நெஞ்சு நிறைகிறது.

கட்டையோடு அச்சகம் போகிறவர்களுக்கு: அச்செழுத்தின் உயரம் 23.3 மில்லிமீற்றர்; அங்குலம் அல்ல. லுஹர் நேரம் அச்சகம் பூட்டு, வெள்ளியில் போகவே வேண்டாம். கட்டை தடிப்பென்றால், சீவுமுன் பின்பக்கத்தைப் பாருங்கள். யாருடையது என்றும் கேளுங்கள்.

ஞாயிறு நானும் போயிருந்தேன். வாசல் நிலையில் அந்தக் கட்டை, உம்மாவின் எழுத்து வெளியே தெரிய. சனம் வந்துகொண்டே இருந்ததில் கதவை யாராலும் சாத்த முடியவில்லை. மூன்று மணிபோல ஆடு வந்தேவிட்டது. நிஸாம் விழுந்து விழுந்து சிரித்தான், பிறகு அழுதான்.