முகம் காட்டாத படங்கள்

நோர்வூட் பக்கத்துத் தோட்டமொன்றில் பிள்ளைக்காம்பரா பார்ப்பவள் சண்முகவடிவு. கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் விடிந்ததும் கைக்குழந்தைகளை அவளிடம் விட்டுவிட்டுத்தான் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக் களத்துக்கு ஓடுவார்கள். அவளை நம்பாத தாய் அந்தத் தோட்டத்தில் கிடையாது. அவளோ ஒருவரையும் நம்பமாட்டாள். சத்துமாவை மோந்து பார்க்காமல் கரைக்கமாட்டாள். காலையில் பிள்ளையைக் கொண்டுவந்து விட்டவரே சாயங்காலம் வரவேண்டும். வேறு யார் வந்தாலும், பெற்ற தகப்பனே வந்து நின்றாலும், திரும்பிப் போகவேண்டியதுதான்.

இந்தச் சந்தேகம் பிறவியிலேயே வந்ததல்ல. அவளும் கொழுந்து பறித்த காலத்தில் வெளியூர்க்காரர் சிலர் வேனில் வந்து வரிசை வீட்டு லயத்துப் பிள்ளைகளைப் படம் பிடித்துக்கொண்டு போனார்கள். பிறகொரு நாள் ஹட்டன் டவுனில் ஒரு சுவரில் அவளுடைய மகளின் முகம் ஒட்டியிருந்தது. ‘பசியில் வாடும் மலையகக் குழந்தை’ என்று கீழே எழுத்து. குழந்தையின் வாயோரத்தில் சோற்றுப் பருக்கை அப்படியே தெரிந்தது.

“சோறு தின்ன புள்ளையக் காட்டி பிச்சை எடுத்துட்டானுங்களே!” என்று நடுரோட்டில் நின்று கத்தினாள். போஸ்டரைக் கிழித்துப் போட்ட பிறகுதான் பஸ் ஏறினாள்.

அப்படிப்பட்டவளிடம் போன வருஷம் தோட்டத்து ஆபீஸ் ஒரு போனைக் கொடுத்தது. அதில் ‘மழலை’ என்றொரு செயலி. கொழும்பில் ஒரு கம்பெனி செய்தது. பிள்ளைகளைப் படம் எடுத்து அனுப்பினால் அந்தக் கம்பெனி வழியாக மலையில் நிற்கும் கங்காணி வீரய்யாவின் போனில் வந்து விழும். பெண்கள் மலைக்குப் போன் கொண்டு போகக்கூடாது என்பது அங்கே சட்டம். வீரய்யாவுக்குக் கொடுத்த போனிலும் மழலையைத் தவிர வேறொன்றும் வேலை செய்யாது. தேத்தண்ணி நேரத்தில் தாய்மார் அவரைச் சுற்றி மொய்த்துக்கொண்டு தங்கள் பிள்ளைகளைப் பார்ப்பார்கள். பிள்ளைக்குச் சுகமில்லை என்றால் சிவப்புப் பொத்தானை அழுத்தவேண்டும். முறைத்துக்கொண்டேதான் பழகினாள், ஆனால் பழகிவிட்டாள்.

அதற்குள் அந்தக் கம்பெனி முதலாளி டீவியில் பேசினார். தோட்டத்து ஆட்களுக்குச் சொந்தக் காணி நிலம் கொடுத்தால் தேயிலைத் தொழில் படுத்துவிடும், அவர்களுக்கு லயம் இருக்கிறது, அது போதும் என்றார். அந்த வீடியோ லயம் லயமாகச் சுற்றியது. சண்முகவடிவு அதை இரண்டு தரம் பார்த்தாள். பார்த்துவிட்டு ஆபீஸ் போனைக் காலிச் சத்துமா டின்னுக்குள் போட்டு மூடினாள்.

“அவன் அரசியல் அவனோட. கத்திய செஞ்சவன் யாருன்னு கேட்டுட்டா காய் வெட்டுற?” என்று அவள் புருஷன் பொன்னையா சிரித்தார்.

“கத்தி எம்புள்ளைங்க மொகத்த கொழும்புக்கு அனுப்பாதுங்க. குடியிருக்க ஒரு துண்டு நெலம் குடுக்கக் கூடாதுங்கறான். அவனுக்கு நம்ம புள்ளைங்க மொகம் எதுக்கு?”



போன் வருவதற்கு முன்பு அங்கே ஒரு வழக்கம் உண்டு. பிள்ளைக்கு ஏதாவதென்றால் காம்பரா மேட்டில் மூங்கிலை நட்டுச் சிவப்புச் சேலையைக் கட்டிவிடுவார்கள். எந்த மலையில் நின்றாலும் யாராவது ஒருத்தி கண்டு குரல் கொடுப்பாள். குரல் நிரை நிரையாகப் போய்ச் சேரும். சேலை இருக்கும்போது செயலி எதற்கு என்று சண்முகவடிவு தெம்பாக இருந்தாள்.

சுதர்ஷினியின் மகன் அழகனுக்கு மூச்சு இழுப்பு வந்த அன்று சேலையைக் கட்டினாள். கட்டி முடிக்கவில்லை, மூடுபனி இறங்கிவிட்டது. மலையும் தெரியவில்லை, மூங்கிலும் தெரியவில்லை. சமையல் பார்க்கும் வீரம்மாவை, காலையில் வேலைக்கென்று சொன்ன மலைக்கு ஓடவிட்டாள். மத்தியானத்துக்குப் பிறகு ஆட்களை வேறு மலைக்கு மாற்றியிருந்தார்கள். வீரம்மா வெறுங்கையோடு திரும்பினாள். டின்னைத் திறந்து போனை எடுத்தால், சார்ஜ் இல்லாமல் செத்துக் கிடந்தது. பிள்ளையின் உதடு நீலம் பாரித்திருந்தது. மற்றப் பிள்ளைகளை வீரம்மாவிடம் விட்டுவிட்டு அழகனைத் தூக்கிக்கொண்டு டிஸ்பென்சரிக்கு ஓடினாள். நல்லகாலம், ஆவி பிடித்ததும் மூச்சு சீராகியது.

சாயங்காலம் விஷயம் தெரிந்து சுதர்ஷினி வந்தாள். கத்தவில்லை. பிள்ளையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

“அந்தாளு என்ன பேசுனான்னு நீங்க பாத்துகிட்டு இருந்தீங்க. எம்புள்ள மூச்ச யாரு பாத்தது, அக்கா?”

அதோடு பேச்சை நிறுத்திவிட்டாள். மறுநாளிலிருந்து பிள்ளையைக் கீழே இறக்கிவிட்டு, முகத்தைப் பார்க்காமலே போனாள். சண்முகவடிவுக்கு அது பொறுக்கவில்லை. பிள்ளைக்கு மூச்சுத் திணறியதும் உண்மை, அந்த ஆள் பேசியதும் உண்மை. எதை விழுங்குவது என்று தெரியாமல் கண்ணீர் விட்டாள்.

பிறகு போனைச் சார்ஜில் போட்டாள். பிள்ளைகளை வரிசையாகப் பாயில் உட்கார வைத்துப் படம் எடுத்தாள், கால்களை மட்டும்.

‘முகம் தெளிவாக இல்லை. மீண்டும் எடுக்கவும்’ என்றது மழலை.

“தெளிவா இல்லாமலே இருக்கட்டும்” என்று திரும்பவும் கால்களையே எடுத்து அனுப்பினாள். முணுமுணுத்தாலும் படத்தை அது மலைக்குச் சேர்த்துவிடும் என்பது அவளுக்குத் தெரியும். ஆபீஸில் கேட்டால் கேமரா சரியில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். தாய்மார் என்ன சொல்வார்களோ என்றுதான் பயம். அன்று முழுக்க வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் முதலில் வந்தது சுதர்ஷினிதான். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை போனவள் நின்றாள்.

“அக்கா, தேத்தண்ணிக்கு வீரய்யாண்ணே போன்ல பாத்தேன். மூணாவது கால்தானே இவன்? நகம் இம்புட்டு வளந்து கெடக்கு. நாளைக்கு வெட்டி விடுங்க.”