வெளிவேலை என்கிற ஒரே புள்ளி

ஷேர் ஆட்டோவில் எதிரே உட்கார்ந்த பெண்ணின் மடியில் ஒரு பை. அதிலிருந்து பசை வாடை. ஷூ ஒட்டுகிற பசை. லேசாகத் தித்திக்கும், பிறகு நெற்றிப்பொட்டில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். அந்த வாடை வந்தால் என் தங்கையின் விரல்கள் ஞாபகம் வரும். கூடவே கோபம் வரும். அது இன்னும் ஆறவில்லை. ஆறட்டும் என்று நானும் விடவில்லை.

தங்கை ஆம்பூர் பக்கத்துக் கிராமத்தில் வீட்டிலேயே ஷூவின் மேல்பாகம் தைப்பவள். அப்பர் என்பார்கள். ஏஜென்ட் பையில் கொண்டுவந்து போடுவான். ஓரத்தில் பசை தடவி, மடித்து, ஊசியால் தைத்துத் திருப்பித் தர வேண்டும். போன வருஷம் அவள் விரல்கள் கொப்பளித்து வெடித்தன. சோறு பிசைய முடியவில்லை. டாக்டர் ஒன்றுதான் கேட்டார்: எந்தப் பசை? அது தெரிந்தால்தான் அதில் எந்த ரசாயனம் ஒத்துக்கொள்ளவில்லை என்று சோதிக்க முடியும். அவளிடம் இருந்ததோ லேபிள் இல்லாத டின்.

அந்தப் பை வருகிற கம்பெனியின் டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்வதுதான் வேலூரில் என் வேலை. கிராஃப் டேட்டாபேஸ்: புள்ளிகளும் கோடுகளும். ஒரு தோல் ஒரு புள்ளி, ஒரு பசை டிரம் ஒரு புள்ளி, ஒரு ஷூ ஒரு புள்ளி. எது எதில் சேர்ந்ததோ அங்கே ஒரு கோடு. வெளிநாட்டில் வாங்குகிறவர்கள், பயர் என்போம், ஒரு ஷூவைக் காட்டி, இது எங்கிருந்து வந்தது என்று கேட்டால், கோட்டைப் பிடித்துப் பின்னாலேயே நடந்து சொல்லிவிட வேண்டும். எங்களுடையது நடக்கவில்லை. தவழக்கூட இல்லை. அந்தக் கேள்வியை, அதாவது க்வெரியை, போட்டுவிட்டு டீ குடித்து வந்தாலும் திரையில் சக்கரம் சுற்றிக்கொண்டிருக்கும்.

மேனேஜர் பெரிய சர்வர் வாங்கினார். அதுவும் சேர்ந்து திணறியது. நான் தேடல் சீக்கிரம் முடிய இன்டெக்ஸ் போட்டேன், ஒரே திசையில் மட்டும் நடக்க வைத்தேன். பயனில்லை. கடைசியில் க்வெரியை அடி அடியாகப் பின்தொடர்ந்தேன். அது முட்டி நின்ற இடத்தில் ஒரே புள்ளி. பெயர், வெளிவேலை.

ஊர் ஊராக, வீடு வீடாகக் குனிந்து தைக்கிற அத்தனை பெண்களும் அந்த ஒரு புள்ளி. யார் என்று பிரித்து எழுத எவருக்கும் பொறுமையில்லை. எல்லோரையும் அள்ளி ஒரே குழியில் கொட்டியிருந்தார்கள். கம்பெனி இதுவரை வாங்கிய தோலெல்லாம், பசையெல்லாம் அந்தக் குழிக்குள் போய், ஷூவெல்லாம் அதிலிருந்து வெளியே வந்தது. ஒரு ஷூவைப் பிடித்துக்கொண்டு உள்ளே இறங்கினால் எந்தப் பக்கம் ஏறுவது? என் தங்கையும் அதற்குள்தான் இருந்தாள்.

"அதைத் தூக்கிடுங்க மேடம்" என்றார் மேனேஜர். "அந்த ஒண்ணுதானே பேஜார்? எடுத்துட்டா ஸ்பீடா ஓடும்."

"ஓடும் சார். தோல் தானா தச்சுக்கிட்டு ஷூவா வந்துச்சுன்னு சொல்லும்."

"பயர் அதெல்லாம் கேக்க மாட்டான்."

நான் தூக்கவில்லை, உடைத்தேன். வெளியே போகிற ஒவ்வொரு பைக்கும் கேட் பாஸ் உண்டு. எந்த வீடு, எந்தத் தேதி, எந்த டிரம்மிலிருந்து பசை என்று அதில் இருந்தது. சிஸ்டத்திலேயே இருந்தது, கோடு போடாமல் கிடந்தது. பைக்கு ஒரு புள்ளி, வீட்டுக்கு ஒரு புள்ளி வைத்தேன். இப்போது ஒரு ஷூ ஒரு பைக்குப் போனது, பை ஒரு வீட்டுக்குப் போனது. க்வெரி கண் சிமிட்டுவதற்குள் வந்து நின்றது. முதலில் தங்கையின் வீட்டைத்தான் கேட்டேன். டிரம் வந்தது, பசையின் பெயர் வந்தது. டாக்டருக்கு அனுப்பினேன்.

மேனேஜர் என் மேஜைக்கு ஸ்வீட் அனுப்பினார். பயர் வந்து பார்க்கும் வரைக்கும்தான் அந்த இனிப்பு.

பயர் திரையில் விரலை வைத்து, இந்த வீடுகளெல்லாம் என்ன, இங்கே பசை தடவுவது யார் என்று கேட்டார். மேனேஜர் சிரித்துச் சமாளித்தார். பயர் போனதும் என் பக்கம் திரும்பினார்.

"இன்னா மேடம் இது? ஸ்பீடு கேட்டா ஊரையே கூட்டி வச்சிருக்கீங்க? மறுபடி ஒண்ணா சேத்துடுங்க."

"சேத்தா மறுபடி நிக்கும் சார்."

"நிக்கட்டும்."

இத்தனை நாள் அந்தச் சக்கரம் சுற்றியது யாருக்கு வசதியாக இருந்தது என்று அப்போது எனக்குப் புரிந்தது. முடியாது என்றேன். வேறொருவர் முடித்தார். திங்கட்கிழமை நான் பார்த்தபோது வெளிவேலை மறுபடியும் ஒரே புள்ளி. வீடுகள் இல்லை. அந்த வாரமே தங்கையின் தெருவுக்குப் பை வருவதும் நின்றது.

சோதனையில் அந்தப் பசைதான் என்று தெரிந்தது. டாக்டர் இனி அதைத் தொடவே கூடாது என்றார். மருந்து வாங்கிக்கொண்டு ஆம்பூர் பஸ்ஸுக்கு நின்றோம். அவள் விரல்களில் புதுத்தோல், குழந்தையுடையது போல இளஞ்சிவப்பாக.

"வேற ஏஜென்ட் ஒருத்தன் பை தர்றேன்னான்க்கா."

"என்ன பசைன்னு கேட்டியா?"

"கேட்டா அடுத்த வீட்டுக்குக் குடுத்துட்டுப் போய்டுவான்."

"அறிவிருக்காடி உனக்கு? கையப் பாரு!"

"எங்கிட்ட ஏன் கத்துற? கத்த வேண்டிய எடத்துல நீ கத்திட்ட, பை நின்னுச்சு. பசங்களுக்கு ஸ்கூல் தொறக்கப் போவுது."

மருந்துப் பையை அவளிடம் கொடுத்தேன். பஸ் வந்தது.

"கையுறையாவது போட்டுக்கோ."

"கையுறை போட்டா ஊசி கையில நிக்காதுக்கா. வர்றேன்."