கடைசியாக ஏறுகிறவள்

காலையில் அந்த ஹாரன் கேட்டால் எங்கள் தெருவில் பாதிப் பேர் வாயில் பிரஷ்ஷோடு வாசலுக்கு ஓடுவோம். பள்ளி வேன். ஓட்டுகிறவரை வேன்காரர் என்போம். அதே வண்டியில் பின்னால் நின்று பிள்ளைகளைத் தூக்கி ஏற்றுகிறவள் அவருடைய மனைவி. பிள்ளைகள் அக்கா என்று கூப்பிடப் போய் பெற்றவர்களும் அக்கா என்றே கூப்பிட்டு, அவளைவிட மூத்தவளான எனக்கும் அவள் அக்கா ஆகிவிட்டாள்.

அவர்களுடைய வேலையில் ஒரு முறை உண்டு. அவர் முன்னால், அவள் பின்னால். கடைசிப் பிள்ளை ஏறிய பிறகுதான் அவள் ஏறுவாள். கதவோர இருக்கையில் அவள் உட்கார்ந்தது கண்ணாடியில் தெரிந்ததும் அவர் வண்டியை எடுப்பார். தலையைத் திருப்பிப் பார்க்கிற வழக்கமே கிடையாது.

"அவ உக்காந்துட்டான்னா எல்லாரும் ஏறியாச்சுன்னு அர்த்தம். நான் எதுக்குக் கழுத்தை ஒடிச்சுக்கணும்?" என்பார். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும், இத்தனை வருடத்தில் யார் வீட்டுப் பிள்ளையையும் அவர்கள் விட்டுவிட்டு வந்ததில்லை.

பின்னால் அக்காவின் ராஜ்ஜியம். பள்ளி விட்டு வருகிற வழியில் திடீரென்று கேட்பாள்: "வண்டி உங்களை விட்டுட்டுப் போயிட்டா என்ன பண்ணணும்?"

வண்டியே அதிரும். "பின்னாடி ஓடக் கூடாது! யார்கூடவும் போகக் கூடாது! கேட்டுக்குள்ள நிக்கணும்! வண்டி திரும்பி வரும்!"

கத்துகிறவர்களில் அவர்களுடைய மகளும் ஒருத்தி. ஆறு வயது. பெரியவள் என்றுதான் வீட்டில் கூப்பிடுவார்கள். சின்னவன் இன்னும் பள்ளிக்குப் போகவில்லை. அம்மாவின் இடுப்பில் உட்கார்ந்தே ஊரைச் சுற்றுகிறவன்.

போன விடுமுறையில் வேனுக்குத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு நால்வரும் வெளிநாடு கிளம்பினார்கள். முதல் தடவை. தெருவே கூடி நின்று புத்தி சொன்னது. பாஸ்போர்ட் பத்திரம், பை பத்திரம், செல்போன் பத்திரம் என்று ஆளாளுக்குச் சொன்னோம். பிள்ளைகள் பத்திரம் என்று ஒருவரும் சொல்லவில்லை. அவர்களுக்குப் போய் யார் அதைச் சொல்வது?

இனி வருவது அக்கா பாதியும் அவர் பாதியுமாகச் சொன்னது. ஒட்டுப் போட்டது நான்.

முதலில் எல்லாம் குஷியாகத்தான் போயிருக்கிறது. பஸ்ஸில் உட்கார்ந்தாலும் அவருடைய வலது கால் பிரேக்கைத் தேடிக்கொண்டே இருந்ததாம். அதைப் பார்த்துப் பெரியவள் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறாள். ஒரு நாள் படகேறி எதிரே இருந்த தீவுக்குப் போனார்கள். பகலெல்லாம் மணலில் விளையாட்டு. வெயில் சாயும்போது திரும்புவதற்காகப் படகுத்துறைக்கு வந்தால் ஊர்ப்பட்ட கூட்டம்.

அங்கேதான் வேன்காரருக்கு மனைவிமேல் பாசம் பொங்கியிருக்கிறது. தூங்கிப்போன சின்னவனைத் தோளில் போட்டுக்கொண்டு, வழக்கம்போல ஓரமாக ஒதுங்கி நின்றவளிடம் சொன்னார்:

"தினமும் கடைசியாத்தானே ஏறுற. இன்னைக்காவது முதல்ல ஏறி ஜன்னல் பக்கமா உக்காரு. மீதியை நான் பாத்துக்கறேன்."

அவளும் பின்வாசல் வழியாக ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அப்படி ஒரு சுகம், கண்ணை மூடிக்கொண்டேன் என்றாள் என்னிடம். அவர் ஒரு கையில் சின்னவனுடைய மடக்கின தள்ளுவண்டி, மறு கையில் ஈரத்துணி மூட்டையோடு வரிசையில் நகர்ந்தார். பெரியவள் செருப்புக்குள் மணல் உறுத்துகிறது என்று பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்தாள். அந்த நேரம் பார்த்துப் படகு ஆள் ஒருவர் தள்ளுவண்டியைக் காட்டி, இதெல்லாம் முன்வாசலில் என்று கையைக் காட்டி விரட்டினார். மூட்டை முடிச்சோடு முன்னால் ஓடியவர் போகிற போக்கில் ஜன்னலைப் பார்த்தார். மனைவி உட்கார்ந்திருந்தாள்.

அவ்வளவுதான். எல்லாரும் ஏறியாச்சு என்று அவருக்குள் ஒரு நிம்மதி வந்துவிட்டது. முன்வாசலில் ஏறி மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டார். கடல் தாண்டிப் போயும் அவர் முன்னால், அவள் பின்னால்! இந்த இடத்தில் எனக்கு அவர்மேல் கோபம் வந்தது, இன்னும் போகவில்லை.

படகு கிளம்பியது. கரை சிறுத்துக்கொண்டே போனது. சின்னவன் விழித்துத் தண்ணீர் கேட்டு அழுதான். பாட்டில் பெரியவளின் பையில் இருந்தது. அக்கா அவனைத் தூக்கிக்கொண்டு, ஆட்டத்தில் தடுமாறி முன்னால் வந்தாள்.

"தண்ணி பாட்டிலைக் குடுக்கச் சொல்லுங்க."

"யாரை?"

"பெரியவளைத்தான். எங்க அவ?"

"உன்கூடத்தானே இருக்கா?"

அவர் படகின் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை ஆட்களை இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடினார். கழிப்பறைக் கதவைத் தட்டினார். பெஞ்சுக்கடியில் குனிந்து பார்த்தார். அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டு கரையைப் பார்த்தாள். அவ்வளவு தூரத்தில் ஆள் யார், தூண் எது என்று தெரியவில்லை.

படகு ஆளிடம் அவர் இடுப்புக்குக் கீழே கையைக் காட்டி இவ்வளவு உயரம் என்றார், கரையைக் காட்டினார், கும்பிட்டார். பாஷை புரியாவிட்டாலும் அந்த மனிதருக்கு விஷயம் புரிந்தது. கையிலிருந்த கருவியில் யாரிடமோ பேசினார். பதில் வந்தது. உதட்டைப் பிதுக்கினார். பிதுக்கியது எதற்கு, பிள்ளை அங்கே இல்லை என்பதற்கா, படகைத் திருப்ப முடியாது என்பதற்கா? அதைக் கேட்க இவர்களிடம் வார்த்தை இல்லை.

"நான் உக்காந்துட்டா எல்லாரும் ஏறினதா அர்த்தமா?" அக்கா அவருடைய சட்டையைப் பிடித்தாள். "நீங்கதானே என்னை முதல்ல ஏறச் சொன்னீங்க? மீதியைப் பாத்துக்கறேன்னு சொன்னீங்களே, என்னத்தைப் பாத்தீங்க?"

அவர் கரையைப் பார்த்தபடி, "அவ நம்ம வண்டிப் புள்ள. பின்னாடி ஓட மாட்டா," என்றார்.

"வண்டி பின்னாடி ஓடினாலாவது அது ரோடு. இது தண்ணிங்க!"

அக்கரை வந்தது. எல்லாரும் இறங்கினார்கள், இவர்கள் இறங்கவில்லை. அந்தப் படகு ஆள் ஒன்றும் சொல்லாமல் விட்டுவிட்டார். புதுக் கூட்டம் ஏறியது, ஐஸ்கிரீமும் சிரிப்புமாக. அவர்கள் ஆடி அசைந்து ஏறுவதைப் பார்க்கப் பார்க்க அக்காவுக்கு ஒவ்வொருவரையும் பிடித்து உள்ளே தள்ள வேண்டும் போலிருந்தது. திரும்புகிற வழி முழுக்க அவள் வாய் ஒன்றையே முணுமுணுத்தது: ஓடக் கூடாது, யார்கூடவும் போகக் கூடாது, கேட்டுக்குள்ள நிக்கணும்.

படகைக் கட்டுவதற்குள் அவர் கரைக்குத் தாவினார். பெஞ்ச் காலியாக இருந்தது. அதன்மேல் ஒற்றைச் செருப்பு. நீல வார் போட்டது, பெரியவளுடையது. பெஞ்சுக்கும் தண்ணீருக்கும் நடுவே தடுப்பு என்று ஒன்றுமில்லை. அவர் அந்தச் செருப்பை எடுத்துக்கொண்டு கீழே தண்ணீரைப் பார்த்தார். பிறகு பார்வையை அங்கிருந்து எடுக்கவே முடியவில்லை.

அக்கா தண்ணீரைப் பார்க்கவில்லை. பார்த்தால் அங்கேயே விழுந்துவிடுவேன் என்று தெரிந்தது என்றாள். கேட்டைத் தேடினாள். படகுத்துறைக்கு ஏது கேட்டு? டிக்கெட் கொடுக்கிற கூண்டைத் தாண்டி, கடைகளைத் தாண்டிச் சின்னவனைத் தூக்கிக்கொண்டே ஓடினாள். கடைகளுக்குப் பின்னால் பழுதுபட்ட படகுகளைக் கிடத்தியிருந்த ஒரு முற்றம். அதற்கு இரும்புக் கேட்டு. உள்ளே, கம்பியை இரண்டு கையாலும் பிடித்தபடி, வெறுங்காலைச் செருப்புக் காலின்மேல் வைத்துக்கொண்டு பெரியவள் நின்றிருந்தாள்.

பக்கத்தில் துடைப்பத்தோடு ஓர் அம்மாள். பிள்ளையை வெளியே அழைத்துப் போகப் பார்த்து, முடியாமல், தானும் கூடவே நின்றுவிட்டிருக்கிறாள். அந்தப் புண்ணியவதியின் கையைப் பிடித்துக்கொண்டு அக்கா அழுதாள். பெரியவள் அழவில்லை. அவள் விரல்களைக் கம்பியிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்து எடுக்க வேண்டியிருந்தது.

செருப்போடு ஓடி வந்த அப்பா மண்டியிட்டு அதை மகளின் காலில் மாட்டினார். "பாத்தியா, தெரிஞ்ச உடனே வந்துட்டோம்," என்றார்.

"உடனே இல்லப்பா," என்றாள் பெரியவள். "படகு போகும்போதே நான் கையைக் காட்டினேன். ரொம்ப நேரம் காட்டினேன். நீங்க ரெண்டு பேரும் திரும்பியே பாக்கல."

வேன்காரர் எழுந்திருக்காமல் அந்த மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார்.

பள்ளி திறந்ததிலிருந்து வேன் தாமதமாகத்தான் வருகிறது. ஒவ்வொரு வாசலிலும் அவர் இறங்கி, பின்னால் சுற்றி வந்து, ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுக்கிறார். எல்லாரையும்போல நானும் சிடுசிடுத்தேன். அப்போதுதான் அக்காவும் அவருமாக இந்தக் கதையைச் சொன்னார்கள்.

மனசு கேட்காமல், மறுநாள் வேன் நகர்ந்ததும் வாசலில் நின்று கையை ஆட்டினேன். பெரியவள் இப்போது பின்கண்ணாடிக்குப் பக்கத்தில்தான் உட்காருகிறாள், முகம் தெருவைப் பார்த்தபடி. என் கை ஆடியதைப் பார்த்தாள்.

"அப்பா, நிறுத்துங்க! யாரோ ஏறல!"

வேன் கிறீச்சென்று நின்றது. அவர் கதவைத் திறந்துபோட்டுவிட்டு, முகம் வெளுத்து என்னிடம் ஓடி வந்தார். "யாரு? எந்தப் புள்ள?"

சும்மா டாட்டா காட்டினேன் என்று அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு நா எழவில்லை. இப்போதெல்லாம் வேன் தெருமுனை திரும்புகிறவரை கையைக் கட்டிக்கொண்டுதான் நிற்கிறேன்.